ஆறாவது கட்டுரைக்கு ஐந்து நிமிடம்

“மணி யாருக்கு அடிச்சுதுன்னு பாத்தியாடி?”

“பாத்தேன், பாத்தேன். சத்தம்கூட ஆளைப் பாத்துத்தான் வருது.”

மாநாடு நடந்த கல்யாண மண்டபத்துக் கழிப்பறையில் நான் உள்ளே இருந்தேன். அவர்கள் வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். யாரென்று தெரியவில்லை. அன்றைக்கு வந்த இருநூறு பேரில் நூற்றைம்பது பேர் பெண்கள். குரலை வைத்து என்ன கண்டுபிடிப்பது? அவர்கள் சிரித்து முடித்துப் போகும்வரை தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அமர்வுக்குத் தலைமை வகிப்பது எப்படி என்று கேட்டு நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். எப்படிச் செய்தாலும் குழாயடியில் யாராவது ஏதாவது சொல்வார்கள். இதை எழுதிக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கம் உட்காருங்கள், அங்கே விசிறிக் காற்று வராது.

சங்கத்து ஆண்டறிக்கையில் என் பெயரைப் பார்த்தீர்களாக்கும். ‘இரண்டாம் அமர்வு, தலைமை: செல்வி சிந்துஜா.’ ஆமாம், நான்தான். அப்போது அருணகிரி சாருடைய லேபில் இருந்தேன். இப்போது இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சார்தான் சங்கச் செயலாளர். மாவட்டத்தில் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கிற எங்களைப்போன்றவர்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டி வருடா வருடம் மாநாடு நடத்துகிறார் என்றால் சாதாரணமா? எனக்கு அப்பா மாதிரி. சேர்ந்த முதல் வருடத்திலேயே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட விட்டார். பதினோரு ஊரில் ரத்தம் எடுக்கிற சென்டர் வைத்திருக்கிறார். காலையில் எடுக்கிற ரத்தமெல்லாம் ஒரு வண்டியில் ஊர் ஊராக ஏறி, சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் லேபுக்கு வந்து சேரும்.

அந்த வருடம் தலைமை வகிக்க வேண்டியவர் திருச்சியிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர். காலை ஒன்பது மணிக்கு அவருக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. நான் வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன். சார் வேகமாக வந்து, “சிந்துஜா, ரெண்டாவது அமர்வுக்கு நீ உக்காந்துடு” என்றார்.

“சார், எனக்கு மைக்கில பேச வராது சார்.”

“நீ எதுக்கும்மா பேசணும்? பெல் இருக்குல்ல, அது பேசும்.”

ஒரு தாளைக் கொடுத்தார். ‘அமர்வுத் தலைவரின் கடமைகள்.’ இதை எழுதிக்கொள்ளுங்கள். கட்டுரையாளரை இரண்டு வரியில் அறிமுகம் செய்வது. பத்து நிமிடத்தில் எட்டாவது நிமிடம் ஒரு தடவை மணி, பத்தாவது நிமிடம் இரண்டு தடவை. கேள்விக்கு இரண்டு நிமிடம். சான்றிதழில் கையெழுத்து. கடைசியாக நிறைவு விழாவில், யார் என்ன கண்டுபிடித்தார்கள் என்று அமர்வு அறிக்கை வாசிப்பது. அந்தத் தாளை நான் பதினைந்து தடவை படித்திருப்பேன். ஒரு வரி மீறவில்லை. அதனால்தான் குழாயடிப் பேச்சு எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பதினொன்றரைக்கு ஆரம்பிக்க வேண்டிய அமர்வு. குத்துவிளக்கு ஏற்றி, பதினான்கு பேருக்குப் பொன்னாடை போர்த்தி, அதில் இரண்டு பேருக்குப் பொன்னாடை போதாமல் ஏற்கெனவே போர்த்திக்கொண்டவரிடமே திருப்பி வாங்கிப் போர்த்தி, எல்லாம் முடிய பன்னிரண்டு ஐந்து ஆகிவிட்டது. ஒன்றே காலுக்குச் சாப்பாடு. எழுபது நிமிடம், ஆறு கட்டுரை. உட்கார்ந்ததுமே கணக்குப் போட்டேன். என் முன்னால் மேலே தட்டினால் ‘டிங்’ என்கிற ஓட்டல் மணி.

முதல் கட்டுரை வெங்கடரமணி சார். மிஷின் கம்பெனியின் ஏரியா மேனேஜர். எங்களுக்கெல்லாம் பை கொடுத்தது, மதியம் பிரியாணி போட்டது எல்லாம் அவர் கம்பெனிதான். புது மிஷினைப் பற்றிப் பேசினார். எட்டு நிமிடம் ஆனது. விரலை மணிக்கு மேலே வைத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் வயது என்ன, என் வயது என்ன? பத்தானது. பன்னிரண்டானது. விரல் மேலேயே இருந்தது. “தலைவர் அம்மா பொறுமைசாலி” என்று மைக்கிலேயே சொன்னார். கூட்டம் கை தட்டியது. இருபத்துநான்கு நிமிடம். மரியாதை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அது தாளில் எழுதியிருக்காது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த நான்கு பேரிடம் நான் எவ்வளவு சரியாக இருந்தேன் தெரியுமா? ஒரு கல்லூரி மாணவி, தாளை இரண்டு கையாலும் பிடித்து நின்று படித்தாள். எட்டாவது நிமிடம் டிங். அவள் திடுக்கிட்டுத் தாளைக் கீழே போட்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விதி விதிதானே?

மூன்றாவது கட்டுரை நடக்கும்போது சார் மேடையின் பக்கவாட்டில் வந்து, நிகழ்ச்சி நிரலைக் காட்டி, “கடைசியா யாரும்மா இது, செலஸ்டின் மேரி?” என்று கேட்டார்.

“ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்காங்க சார். தலைப்பு ‘கர்ப்பிணிகளின் சர்க்கரைப் பரிசோதனையில் நேரத் தாமதம்’.”

“நேரத் தாமதமா?” என்றார். அவ்வளவுதான். இறங்கிப் போனார். ஐந்து நிமிடத்தில் அவரிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ‘கடைசிக் கட்டுரை 5 நிமிடம். கேள்வி வேண்டாம். சாப்பாடு ஆறுகிறது.’

சாருக்கு எத்தனை கவலை பாருங்கள். சாப்பாடு ஆறுவதைக்கூட அவர்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

செலஸ்டின் மேடம் மேடை ஏறும்போது மணி ஒன்று ஒன்பது. நாற்பத்தைந்து வயது இருக்கும். பருத்திச் சேலை, மூக்கில் இறங்கிய கண்ணாடி. அதுவரை பின் வரிசையில் தனியாக உட்கார்ந்து, உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். ஒத்திகை பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் எல்லாவற்றையும் கவனிப்பேன், பேச்சுதான் வராது. பென் டிரைவைக் கொடுத்தார். லேப்டாப்பில் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அதைச் சரிசெய்கிறேன் என்று இரண்டு நிமிடம் போனது.

அதைக் கழிப்பதா சேர்ப்பதா என்று தாளில் இல்லை. சேர்த்துக்கொண்டேன்.

“பரவாயில்ல, படம் வேண்டாம்” என்று அவரே சொல்லி மைக்கைப் பிடித்தார். “எல்லாருக்கும் வணக்கம். எங்க நிலையத்துல செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிங்க வருவாங்க. குளுக்கோஸ் குடிக்கவச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்து அங்கேயே பாக்குறேன். ஒரு பொண்ணுக்கு நூத்து அறுபத்திரண்டு. சர்க்கரை இருக்கும்மான்னு சொன்னா, அழுதுக்கிட்டுப் போயி அடுத்த நாள் வெளியில ஒரு லேப்ல பாத்துட்டு வந்து, நூத்தி எட்டுதான், நீங்க பொய் சொல்லிட்டீங்கன்னு எங்கிட்ட சண்டை போட்டா.”

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“அந்தப் பொண்ணுக்குப் பிறந்த குழந்தை நாலரைக் கிலோ. பிரசவத்துல தோள் மாட்டிக்கிச்சு.”

சிரிப்பு நின்றது. அந்த இடத்தில் மண்டபம் எப்படி இருந்தது என்றால், பின்னால் சமையல் கட்டில் கரண்டி விழுந்த சத்தம் மேடைக்குக் கேட்டது.

“அதுக்கப்புறம் நாப்பத்தோரு பேருகிட்ட சம்மதம் வாங்கி, ஒரே ரத்தத்தை ரெண்டு குழாய்ல பிரிச்சேன். ஒண்ணை உடனே பாத்தேன். இன்னொண்ணை, சென்டர்ல எல்லாத்துக்கும் சேத்து எடுக்குற அதே சிவப்பு மூடிக் குழாய்ல ஊத்தி, வண்டி சுத்தி வர்ற மாதிரி ஆறு மணி நேரம் வெளியில வச்சிருந்து—”

டிங்.

நான்கு நிமிடம். சரியாக நான்கு நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு நான்கில் முதல் மணி என்று நானே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “எட்டு நிமிஷம்தானே மேடம் முதல் பெல்?”

மைக்கில் கேட்டுவிட்டார். இருநூறு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். முதல் வரிசையில் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சீட்டைத் தூக்கிக் காட்டினேன். அவ்வளவு தூரத்திலிருந்து மேடத்துக்கு என்ன தெரிந்திருக்கும்?

அவர் அவசர அவசரமாக, “உடனே பாத்ததுல ஒம்பது பேருக்கு நூத்து நாப்பதுக்கு மேல, அதாவது சர்க்கரை இருக்கு. ஆறு மணி நேரம் கழிச்சு அதே ஒம்பது பேர்ல—”

டிங். டிங்.

“இன்னும் ஒரே ஒரு நம்பர் இருக்கு மேடம். அதை மட்டும் சொல்லிடுறேன்.”

விரல் இன்னும் ஒருமுறை தட்டிவிட்டது. நானாகத் தட்டவில்லை. சீட்டைக் கீழே வைத்ததில் பட்டுவிட்டது. யாரோ முன்னால், “பிரியாணி கூப்பிடுது அக்கா, விடுங்க” என்றார்கள். நாற்காலிகள் இழுபட்டன. கடைசி வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டே நின்றாள், கேள்வி கேட்க. நான் பார்த்தேன். கேள்வி வேண்டாம் என்று சீட்டில் இருந்ததால், பார்க்காத மாதிரி தாள்களை அடுக்கினேன்.

செலஸ்டின் மேடம் மைக்கை அணைத்து வைத்துவிட்டு இறங்கினார். திட்டவில்லை. நேராக வந்து ஒரு தாளை என் முன் வைத்தார். “அமர்வு அறிக்கையில வாசிப்பீங்கல்ல? உதவும்.” நாற்பத்தோரு பேரின் அட்டவணை. நீல மையில், கோடு போட்டு எழுதியிருந்தார்.

என்ன இது, நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? அவர் சொன்னது புதிது ஒன்றும் இல்லை. நாம் எல்லோரும் முதல் வருடத்தில் படித்ததுதான். எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால், குழாய்க்குள்ளேயே அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். அதற்குத்தான் மருந்து போட்ட சாம்பல் மூடிக் குழாய். சிவப்பு மூடியில் அந்த மருந்து கிடையாது. தெரிந்ததுதான். தெரிந்ததற்கு எதற்குப் பத்து நிமிடம் என்று நினைத்துத்தான் எனக்கு மனம் சமாதானம் ஆனது.

சாப்பிட்டுவிட்டு வந்துதான் குழாயடியில் அந்தப் பேச்சைக் கேட்டேன். அதற்குப் பிறகு இருந்த இரண்டு மணி நேரமும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு கட்டுரைக்கும் இரண்டிரண்டு வரி. ஐந்துக்கு எழுதிவிட்டேன். ஆறாவதற்கு, ‘ஒன்பது பேரில் ஆறு மணி நேரம் கழித்துக் கண்டுபிடிக்க முடிந்தது இரண்டு பேரை மட்டும்’ என்று எழுதினேன். சார் பின்னாலிருந்து வந்து நின்றார். படித்தார்.

“நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா சுகாதாரத்துறை இணை இயக்குநர் உக்காந்திருக்காரு. ஒரு ஆளோட சின்னக் கணக்கை வச்சு நம்ம தொழிலையே சந்தேகப்படுற மாதிரி ஆயிடக் கூடாது பாரு. ‘ஆறு கட்டுரைகளும் சிறப்பாகப் படைக்கப்பட்டன’ன்னு போடு. போதும். ஆறு பேருக்கும் சமமா இருக்கும்.”

சமமாக இருக்கும் என்று சொன்னார் பாருங்கள், அது எனக்குச் சரியாகப் பட்டது. யாரையும் விடவில்லை, யாரையும் தூக்கவில்லை. மேடையில் அப்படியே வாசித்தேன். என் வாழ்க்கையில் மைக்கில் நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான். குரல் நடுங்கவே இல்லை என்று சார் சொன்னார்.

சான்றிதழ் கொடுக்கும்போது செலஸ்டின் மேரி என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாராம். சான்றிதழ் என்னிடமே தங்கிவிட்டது. சேர்ப்பது தலைவரின் கடமை. இதை எழுதிக்கொள்ளுங்கள், தாளில் இல்லை, நானாகச் செய்தது. தபாலில் அனுப்பியிருக்கலாம். மடங்கிவிடுமே என்று அடுத்த வாரம் நேரிலேயே கிளம்பினேன். சாரிடம் பல்வலி என்று சொல்லி அரை நாள் லீவு கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கியபோது பத்தரை. செவ்வாய்க்கிழமை என்பதை நான் யோசிக்கவில்லை. வராந்தா முழுக்கக் கர்ப்பிணிகள். சிலர் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார்கள். ஒருத்தி கையில் டம்ளருடன், “தித்திப்பு குமட்டுதுக்கா” என்று முகத்தைச் சுளித்தாள். உள்ளேயிருந்து செலஸ்டின் மேடம், “மூக்கப் பிடிச்சிக்கிட்டுக் குடிச்சிரு சாமி. உம்புள்ள அப்புறம் உன்னையத் திட்டாது” என்றார்.

என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. “தலைவர் மேடம், வாங்க. ஸ்டூல்ல உக்காருங்க. ஒரு அஞ்சு பேரு இருக்காங்க, முடிச்சிடுறேன்.”

ஐந்து பேர் என்றார், இருபது பேர் ஆனது. சிறிய அறை. ஜன்னல் ஓரம் ஒரு பழைய மிஷின். எடுக்கிறார், உடனே சுழற்றிப் பிரிக்கிறார், பார்க்கிறார், நோட்டில் எழுதுகிறார். ஒருவரை ஒருவர் முந்தவிடவில்லை. நான் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். ‘நேரமில்லாமல் போய்விட்டது. நான் விதிப்படிதான்.’

குடித்து இரண்டு மணி நேரம் ஆகாதவர்கள் மட்டும் வராந்தாவில் மிஞ்சியதும் சான்றிதழை நீட்டினேன். வாங்கி, படித்து, “கட்டுரை படைத்தமைக்காக” என்று வாய்விட்டுச் சொல்லி, மேசை டிராயரில் வைத்தார்.

“மேடம், அன்னிக்கு நான் விதிப்படிதான்—”

“தெரியும். கையை நீட்டுங்க.”

“எதுக்கு?”

“நீட்டுங்க, சொல்றேன்.”

நீட்டினேன். ரப்பர் பட்டியைக் கட்டி, வலி தெரியாமல் எடுத்தார். நல்ல கை. இரண்டு குழாயில் ஊற்றினார். ஒன்றை அப்போதே மிஷினில் பார்த்து, ஒரு தாளில் எழுதி, மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்தார். இன்னொன்று சிவப்பு மூடி. அதன் மேல் என் பெயருக்குப் பதிலாக ‘எண் 42’ என்றும், நேரம் பதினொன்று இருபது என்றும் எழுதினார்.

“உங்க லேபுக்கு வண்டி எத்தனை மணிக்கு வரும்?”

“நாலு.”

“இதை பேக்ல போட்டுக்கிட்டுப் போங்க. நாலு மணிக்கு நீங்களே பாருங்க. பாத்ததுக்கு அப்புறம் இந்தச் சீட்டைப் பிரிங்க.” பிறகு, “பஸ்ல ஜன்னலோரம் உக்காருங்க, காத்து வரும், சூடு கம்மியா இருக்கும்” என்றார். எனக்காகச் சொன்னாரா குழாய்க்காகச் சொன்னாரா, தெரியவில்லை.

ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை. மூன்றரைக்கு லேபுக்குப் போனேன். “பல் எப்படிம்மா இருக்கு?” என்று சார் அக்கறையாகக் கேட்டார். நாலு மணிக்கு வண்டி வந்தது. பதினோரு சென்டர் குழாய்களும் ரேக்கில் ஏறின. எல்லாவற்றோடும் சேர்த்து நாற்பத்திரண்டையும் வைத்தேன்.

சர்க்கரை எண்பத்து நான்கு.

சீட்டைப் பிரித்தேன். நூற்று இருபத்தொன்று.

மிஷின் தப்போ என்று அளவு தெரிந்த திரவத்தை வைத்துப் பார்த்தேன். மிஷின் சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் பார்த்தேன். மறுபடியும் சரி.

அன்றைக்கு வந்த குழாய்களில் கர்ப்பிணிகளுடையது பதினான்கு. பதினான்கும் நூற்று நாற்பதுக்குக் கீழே. கம்ப்யூட்டர் தானாகவே ‘இயல்பு’ என்று அடித்துவிட்டிருந்தது. பதினான்கு தாளும் என் கையெழுத்துக்காக என் முன்னால் இருந்தன.

“ஆறு மணி வண்டியில ரிப்போர்ட் போகணும். ஆச்சாம்மா?” என்று சார் அவருடைய அறையிலிருந்தே கேட்டார்.

பேச்சுதான் எனக்கு வராதே. பேனாவை மூடினேன். அந்தப் பதினான்கு பேரின் பரிசோதனை விண்ணப்பத்தையும் எடுத்து, மேலே இருந்ததில் செல்போன் எண்ணைத் தேடினேன். லேப் போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நான்கு தடவை மணி போய் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ஏதோ டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“வணக்கம்மா. லேபிலேருந்து பேசுறேன். உங்க சர்க்கரை ரிப்போர்ட் வராது. நாளைக்குக் காலைல பக்கத்துல இருக்குற கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயி, ரத்தம் எடுத்து அங்கேயே பாக்கச் சொல்லுங்க” என்றேன்.

சார் அவருடைய அறைக் கதவில் வந்து நின்றார்.

நான் இரண்டாவது தாளை எடுத்து, அதிலிருந்த எண்ணை அழுத்தினேன்.